மலைநாட்டு இல்லத்தில் ஒரு வான்கம்பி

கடல்மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்குச் சற்று மேலான உயரத்தில், இருபுறமும் சரிந்து இறங்கும் ஒடுங்கிய மலைமுகட்டின் மீது அமைந்த ஊர் அப்புத்தளை. தெற்கு நோக்கி நின்றால் தேயிலைச் சரிவுகளும், அவற்றின் கீழே காடுகளும், அதற்கும் அப்பால் தாழ்நிலமும் படிப்படியாக விரிந்து கிடக்கும். வானம் தெளிந்த காலை வேளையில் அம்பாந்தோட்டைக் கடலோரத்தையும் அங்கிருந்து காணலாம் என்பர். பிற்பகலாகிவிட்டாலோ, கணவாய் வழியே மூடுபனி ஏறி வந்து எதிர்வீட்டு விளக்கையும் மறைத்துவிடும். எழுபது கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கடலைக் காணும் இவ்வூர், இரண்டு கிலோமீற்றருக்கு அப்பால் மலைமடிப்பில் ஒதுங்கிக் கிடக்கும் தோட்டத்து லயத்தைக் காணமாட்டாது. மலைநாட்டின் இயல்பு அது.

வானொலி அலைகளுட் பலவற்றுக்கும் இதே இயல்பு உண்டு. கைத்தொலைபேசியின் அலையும், காவற்படையினர் கையில் ஏந்திச் செல்லும் சிறு வானொலிக் கருவியின் அலையும் ஏறக்குறைய ஒளியைப் போன்றே நேர்க்கோட்டிற் செல்பவை. மலை குறுக்கிட்டால் அவை நின்றுவிடும். இக்காரணம் பற்றியே மலையுச்சிகளிற் கோபுரங்கள் நாட்டப்படுகின்றன. கோபுரம் நிற்கும்வரை குறையொன்றும் இல்லை. அது ஓய்ந்துவிட்டால், மலைக்கு இப்பாலுள்ளவர் மலைக்கு அப்பாலுள்ளவரோடு எவ்வாறு பேசுவது? இவ்வினாவுக்கு விடையாக அமையும் ஓர் எளிய சாதனத்தைப் பற்றியதே இன்றைய பேச்சு. இரண்டு மரங்களுக்கிடையே கட்டப்படும் ஒரு செப்புக் கம்பியும், அதன் நடுவிலிருந்து வீட்டினுள் இறங்கும் ஓர் இணைப்புக் கம்பியுமே அச்சாதனம்.

முதியோருக்கு இது புதிதன்று. வால்வு வானொலிப் பெட்டிகள் வழங்கிய காலத்தில், எந்த வீட்டில் வானொலி உண்டு என்பதை அறிய வீட்டினுள் நுழைய வேண்டியதில்லை. கூரைக்கு மேலே இரு மூங்கில்களுக்கிடையே இழுத்துக் கட்டப்பட்ட ஏரியல் கம்பியே அதனை அறிவித்துவிடும். அக்கம்பி கேட்பதற்கு மட்டும் உதவியது. அதே கம்பியைக் கணக்கறிந்து அளந்து கட்டி, உரிய அனுமதியும் பெற்றுவிட்டால், அது பேசவும் உதவும். அவ்வாறு பேசுவோரே அமெச்சூர் வானொலியாளர்கள். ஊதியத்துக்காகவன்றி, கற்பதற்கும் பிறர்க்கு உதவுவதற்கும் தம் இல்லத்திலேயே வானொலி நிலையம் அமைத்துக்கொள்பவர்கள் அவர்கள்.

இதன் தேவையை உணர்த்தப் பதுளை மாவட்டத்துக்கு வெளியே சான்று தேட வேண்டியதில்லை. 2014 ஆம் ஆண்டு அக்டோபர் 29 ஆம் நாள் காலையில், அப்புத்தளை மலைக்குக் கீழே கொஸ்லந்தைப் பகுதியிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லய வரிசைகளை மூடியது. வேலைக்குச் சென்றவரும் பள்ளிக்குச் சென்ற பிள்ளைகளும் திரும்பி வந்து பார்த்தபோது, வீடு நின்ற இடம் தெரியவில்லை. அவ்விடம் அபாயமானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. ஆயினும் மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். பின்னர் 2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது, பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களிற் பல இடங்களில் மண் சரிந்தது. வீதிகள் துண்டிக்கப்பட்டன, மலையகப் புகைவண்டிப் பாதை சிதைந்தது, மின்சாரமும் தொலைபேசியும் பல ஊர்களில் அற்றுப் போயின.

மின்சாரம் நின்றால், தொலைபேசிக் கோபுரம் தன் மின்கலத்திலுள்ள ஆற்றல் தீரும்வரையே இயங்கும். வீதியோரமாகச் செல்லும் வடம் மண்ணோடு அறுந்தால், கோபுரம் நின்றும் பயனில்லை. ஒரு காலத்தில் தோட்டங்களில் தொலைபேசி என்பது துரையின் பங்களாவிலும் அலுவலகத்திலும் மட்டுமே இருந்தது. இன்று ஒவ்வொரு லயக் காம்பராவிலும் கைத்தொலைபேசி உண்டு. ஆயினும் கோபுரம் ஓய்ந்த நாளில் அத்தனை கைத்தொலைபேசிகளும் ஒருங்கே ஊமையாகிவிடுகின்றன. எவரையும் சாராது தன்னந்தனியாக இயங்கக்கூடிய ஒரு குரல் ஒவ்வொரு மலைப் பிரதேசத்திலும் இருத்தல் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

வான்கம்பி ஒன்றினால் இத்தகைய உதவி உண்மையில் இயலுமா என்று ஐயுறுவோருக்கு 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாளை நினைவூட்டலாம். ஆழிப்பேரலை கரையோரத்தை அழித்த பின்னர், அம்பாந்தோட்டைக்கும் தலைநகருக்கும் இடையே தொடர்பு அற்றிருந்தது. அப்போது இலங்கை வானொலிச் சங்கத்தின் தலைவராயிருந்த விக்டர் குணதிலக்கவும் அவருடைய தோழர்களும் சிற்றலைக் கருவிகளின் துணையால் அத்தொடர்பை மீண்டும் ஏற்படுத்தினர். அம்பாந்தோட்டை கொழும்பிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 165 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. அந்தமான் தீவிலும் அதே நாளில் இதனையொத்த நிகழ்ச்சி ஒன்று நடந்தது. இந்தியாவிலிருந்து பாரதி பிரசாத் என்னும் அம்மையாரும் அவருடைய குழுவினரும் உலகெங்குமுள்ள அமெச்சூர்களோடு உரையாடும் நோக்கத்துடன் போர்ட் பிளேயர் சென்று நிலையம் அமைத்திருந்தனர். அலை வந்த நாளில், பொழுதுபோக்குக்கென நாட்டிய அதே வான்கம்பிகள் துயர்ச் செய்தி சுமக்கும் கம்பிகளாயின. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் கவனித்தற்குரியது ஒன்றுண்டு: இவர்கள் அலை வந்த பின்னர் இக்கலையைக் கற்றவர்கள் அல்லர்.

அலைகளின் இயல்பை இனிச் சிறிது ஆராய்வோம். அமெச்சூர்கள் பல அலைவரிசைகளிற் பேச உரிமை பெற்றவர்கள். அவற்றுள் 160 மீற்றர், 80 மீற்றர், 40 மீற்றர் என்று வழங்கும் நீண்ட அலைகளைக் கொண்டவற்றைத் தாழ்வரிசைகள் என்பர். அலைநீளம் கூடினால் அதிர்வெண், அதாவது மீடிறன், குறையும். 80 மீற்றர் வரிசை 3.5 மெகாஹேர்ட்சிலும், 40 மீற்றர் வரிசை 7 மெகாஹேர்ட்சிலும் தொடங்குகின்றன. இவ்வலைகள் நேர்க்கோட்டில் ஓடி மலையில் முட்டி நிற்பதோடு முடிந்துவிடுவன அல்ல. வானத்தை நோக்கிச் செலுத்தினால், மேலே பல நூறு கிலோமீற்றர் உயரத்திலுள்ள மின்னேற்றம் பெற்ற காற்றுப் படலம் அவற்றை மீண்டும் நிலத்துக்கே திருப்பி அனுப்புகின்றது. அப்படலம் இருத்தல் வேண்டும் என்று 1902 ஆம் ஆண்டில் கென்னலி, ஹெவிசைட் என்னும் இருவரும் தனித்தனியே கருதினர். 1924 ஆம் ஆண்டில் அப்பிள்ரன் அதனைச் சோதனையால் நிறுவினார். அதற்காகவே 1947 ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார்.

தமிழ்ப் புலவர்கள் முகிலைத் தூதாக விடுத்ததுண்டு. முகிலுக்கும் மேலே வேறொரு தூதன் காத்திருப்பதை இருபதாம் நூற்றாண்டு கண்டுகொண்டது. இத்தூதனிடம் செய்தியை ஒப்படைக்கும் முறையிலேதான் மலைநாட்டுக்குரிய நுட்பம் அடங்கியுள்ளது.

உயர்ந்த மதிலொன்றின் அடியில் ஒரு சிறுவன் நிற்கின்றான். அவன் தோழன் மதிலுக்கு அப்புறத்தே நிற்கின்றான். பந்தைத் தோழனுக்கு அனுப்ப வேண்டுமாயின் சிறுவன் என் செய்வான்? நேராக எறிந்தால் பந்து மதிலில் மோதும். சாய்வாக வலித்தெறிந்தால் தோழனைக் கடந்து நெடுந்தூரம் போய்விடும். ஏறக்குறைய நெட்டுக்குத்தாக மேலே எறிந்தாலே அது மதிலின் அப்புறத்தே தோழனின் கைக்கு அருகில் இறங்கும். வான்கம்பியும் அவ்வாறே. கிடையாகக் கட்டிய கம்பி மிக உயரத்தில் இருப்பின், அலைகள் சாய்ந்து சென்று ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் இறங்கும். அதே கம்பி நிலத்துக்கு அண்மையில் இருப்பின், அலைகள் நெட்டுக்குத்தாக எழும்பித் திரும்பி, சுற்றியுள்ள முந்நூறு, நானூறு கிலோமீற்றர்ப் பரப்பில் மழைபோற் பொழியும். பள்ளத்தாக்கின் அடியிலுள்ளவனுக்கும் அது மேலிருந்து வந்து விழுகின்றது. மலை அதற்குத் தடையாகாது.

அப்புத்தளையிலிருந்து கொழும்பு நேர்க்கோட்டில் 120 கிலோமீற்றருக்குச் சற்று மேல். மட்டக்களப்பு 130 கிலோமீற்றர் அளவு. யாழ்ப்பாணம் 340 கிலோமீற்றருக்கு உட்பட்டது. ஆகவே இலங்கைத் தீவு முழுவதும் தாழ்ந்து கட்டிய ஒரு கம்பியின் ஆட்சிக்குள் அடங்கிவிடுகின்றது. நெடிய இரும்புக் கோபுரம் நாட்டப் பணமில்லையே என்று ஏங்குவோர் இதனைக் கேட்டு ஆறுதல் அடையலாம். இப்பணிக்குக் கோபுரம் தேவையில்லை என்பதோடு, கோபுரத்தின் மேலுள்ள கம்பியைவிடத் தாழ்ந்த கம்பியே பெரும்பாலும் சிறந்தது. வெப்பமண்டல நாடுகளின் வானொலி நிலையங்கள் உள்நாட்டு ஒலிபரப்புக்கு 60 மீற்றர், 90 மீற்றர் வரிசைகளைக் கையாண்டு, அலைகளை நெட்டுக்குத்தாக மேலே அனுப்பியதும் இதே தத்துவத்தின் வழியேயாகும்.

இனிக் கம்பியைக் கட்டும் முறையைக் காண்போம். மிகவும் எளிதானது இருமுனைக் கம்பி, அதாவது டைபோல் ஆகும். அலைநீளத்தின் பாதியளவு நீளமுள்ள கம்பியை எடுத்து, நடுவே வெட்டி, இரு பாதிகளையும் ஒரு காவலியின் இருபுறத்திலும் கட்டிவிட்டால் அது ஆயத்தமாகின்றது. நீளம் காணும் கணக்கு எளியது. 143 என்னும் எண்ணை மெகாஹேர்ட்சில் உள்ள மீடிறனால் வகுத்தால், மொத்த நீளம் மீற்றரில் கிடைக்கும். 7.11 மெகாஹேர்ட்சுக்கு 20 மீற்றர், அதாவது பக்கத்துக்குப் பத்து மீற்றர். 3.6 மெகாஹேர்ட்சுக்கு 40 மீற்றருக்குச் சற்றுக் குறைவு, அதாவது பக்கத்துக்கு ஏறத்தாழ இருபது மீற்றர். இவ்விரு மீடிறன்களையும் இங்கே எடுத்துக்கொண்டதற்குக் காரணமுண்டு. ஆசிய பசிபிக் வட்டாரத்து அமெச்சூர்கள் இடர்காலச் செய்திகளுக்கெனக் கூடும் இடங்களாக 3,600 கிலோஹேர்ட்சும் 7,110 கிலோஹேர்ட்சும் குறிக்கப்பட்டுள்ளன.

நாற்பது மீற்றர் நீளத்துக்கு எங்கே போவது என்று மலைப்பவர் தம் லயத்தையே அளந்து பார்க்கலாம். பத்துப் பன்னிரண்டு அடி அகலமுள்ள காம்பராக்கள் பன்னிரண்டு ஒரே வரிசையில் நின்றால், அவ்வரிசையின் நீளம் 120 அடிக்குக் குறையாது. 80 மீற்றர் வரிசைக்கான கம்பியோ 130 அடி. லயத்தின் இரு தலைப்புகளிலும் உள்ள மரங்கள் அக்கம்பிக்கென்றே வளர்ந்தவை போல் நிற்பதைக் காணலாம்.

ஆயினும் லயத்தின் கூரை பெரும்பாலும் தகரம். கம்பியைத் தகரத்துக்கு ஓர் அடி, இரண்டு அடி உயரத்திற் கட்டினால், ஆற்றலின் பெரும் பங்கு வீணாகிவிடும். மேலும், துருவேறிய தகரத் துண்டுகள் ஒன்றையொன்று உரசும் இடங்களில் இரைச்சலும் பிறக்கும். ஆகவே கம்பி கூரையிலிருந்து விலகி, முற்றத்துக்கோ தேயிலைச் சரிவுக்கோ மேலாகச் செல்லுதல் நன்று. நிலத்திலிருந்து ஆறு மீற்றர் முதல் பத்து மீற்றர் வரையான உயரம் இரு வரிசைகளுக்கும் போதுமானது. அதனினும் தாழ்ந்தாற் கம்பி வேலை செய்யும். ஆனால் நிலம் ஆற்றலை உறிஞ்சத் தொடங்கும்.

ஒரே ஓர் உயர்ந்த மூங்கில் மட்டும் கிடைத்தால், கம்பியின் நடுவை அதன் உச்சியிற் கட்டி, இரு முனைகளையும் கூடாரக் கயிறுகள் போல் இருபுறமும் சரித்து இறக்கலாம். இரு பக்கங்களுக்குமிடையே உள்ள கோணம் செங்கோணத்திலும் குறையாதிருத்தல் வேண்டும். 40 மீற்றர்க் கம்பியையும் 80 மீற்றர்க் கம்பியையும் ஒரே நடுப் புள்ளியில் இணைத்து, வெவ்வேறு திசைகளில் விரித்துக் கட்டினால், ஒரே இணைப்புக் கம்பி இரு வரிசைகளுக்கும் உதவும்.

கம்பியைக் கணக்கிட்ட நீளத்தைவிடச் சற்று நீளமாக வெட்டுதலே அறிவுடைமை. மிகுதியை நறுக்கலாம், குறைந்ததை வளர்க்க இயலாது. மேலுறை இட்ட வீட்டு மின்கம்பியைப் பயன்படுத்தினால், கணக்கிட்ட நீளத்திற் சிறு பகுதி குறைக்க வேண்டிவரும். முனைகளுக்குப் பீங்கான் காவலி கிடைத்தால் நன்று. கிடைக்காவிடில் தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் பிளாத்திக்குக் குழாயின் துண்டில் இரு துளையிட்டுக் கொள்ளலாம்.

அப்புத்தளைக் கணவாயில் வீசும் பருவக் காற்றை அறிந்தவர் ஒன்றை மறவார். மரம் அசையும், கம்பி அசையாது. இரு மரங்களுக்கிடையே விறைப்பாகக் கட்டிய கம்பி முதற் காற்றிலேயே அறுந்துவிடும். ஒரு முனையின் கயிற்றைக் கப்பியொன்றின் மேலாக விட்டு, அதன் நுனியில் கல் நிரப்பிய வாளியைத் தொங்கவிட்டால், மரம் சாயும்போது வாளி ஏறும், நிமிரும்போது இறங்கும், கம்பிக்கு ஊறு நேராது.

அடுத்து, கம்பியின் நடுவிலிருந்து கருவிவரை வரும் ஊட்டுக் கம்பியைப் பற்றிச் சொல்லல் வேண்டும். புதியவர்கள் வான்கம்பியிற் காட்டும் அக்கறையில் பாதியையேனும் இதிற் காட்டுவதில்லை. அவர்களுடைய ஏமாற்றங்களுட் பெரும்பாலானவை இங்கேயே பிறக்கின்றன. வழக்கில் உள்ளது கோஆக்சியல் கேபிள் எனப்படும் வட்டமான வடம். தொலைக்காட்சிக்குப் பயன்படும் வடமும் இவ்வினத்ததே. வானொலிக் கருவிகள் 50 ஓம் வடத்துக்கென ஆக்கப்பட்டவை. தொலைக்காட்சி வடம் 75 ஓம். தாழ்வரிசைகளில் இவ்வேறுபாட்டால் விளையும் இழப்பு அற்பமே. ஆகையாற் கையில் நல்ல தொலைக்காட்சி வடம் உள்ளவர் அதனைக்கொண்டே தொடங்கலாம்.

வடத்தின் பருமனும் கவனித்தற்குரியது. ஆர்.ஜி. 58 எனப்படும் மெல்லிய வடம் முப்பது மீற்றர் நீளத்தில், 7 மெகாஹேர்ட்சில், ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு ஆற்றலை வெப்பமாக்கிவிடும். ஆர்.ஜி. 213 எனப்படும் தடித்த வடத்தில் இழப்பு அதிற் பாதிக்கும் குறைவு. இன்னும் மிகக் குறைந்த இழப்பு வேண்டுவோர் ஏணிக் கம்பியைக் கையாள்வர். இரு கம்பிகளை இணையாக ஓடவிட்டு, இடையிடையே ஏணிப் படிகள் போற் காவலித் துண்டுகளை வைத்துக் கட்டுவது அது. வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஆயின் அதனைக் கருவியோடு இணைக்கத் தனியே ஓர் இசைவுப் பெட்டி தேவை. அதனைத் தகரத்துக்கும் இரும்புக்கும் அருகே கொண்டுசெல்லவும் ஆகாது.

மூடுபனி நாட்டில் ஊட்டுக் கம்பியின் முதற் பகைவன் நீர். வடத்தின் திறந்த நுனியில் நுழையும் ஈரம், உள்ளிருக்கும் செப்புப் பின்னலின் வழியே விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் பரவிச் செல்லும். வெளியே வடம் புதிதாகவே தோன்றும். உள்ளே பின்னல் கறுத்திருக்கும். ஆகவே நடு இணைப்பை இறப்பர் நாடாவாற் பல முறை சுற்றி, அதன்மேல் மெழுகோ பூச்சோ இட்டு அடைத்தல் வேண்டும். வடம் வீட்டினுள் நுழையுமுன் ஒரு முறை கீழே தொங்கி மேலேறுமாறு வளைத்துவிட்டால், வழிந்து வரும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும், சுவர் நனையாது.

நடு இணைப்புக்கு அண்மையில் வடத்தை ஒரு பெரைற்று வளையத்தினூடே பத்து முறை அளவு சுற்றிவிடுதலும் நல்ல வழக்கம். கம்பியில் மட்டும் ஓட வேண்டிய மின்னோட்டம் வடத்தின் வெளிப்புறமாக வீட்டினுள் இறங்கி வருவதை அது தடுக்கும். இல்லாவிடில் பேசுபவரின் உதட்டை ஒலிவாங்கியே சுடுவதும், அயல்வீட்டுத் தொலைக்காட்சி உறுமுவதும் நேரலாம். அயலாரின் நல்லெண்ணம் இல்லாத லயத்தில் வான்கம்பி நெடுநாள் நில்லாது.

எல்லாம் கட்டி முடிந்த பின்னர், நிலையலை விகிதம் காட்டும் அளவுகருவியை இணைத்துப் பார்த்தல் வேண்டும். கம்பி ஏற்காது திருப்பி அனுப்பும் ஆற்றலை அது காட்டும். விகிதம் ஒன்றரைக்குக் குறைந்தால் மகிழலாம். இரண்டுக்குக் குறைந்தாலும் குறையில்லை. விரும்பிய மீடிறனுக்குக் கீழே கம்பி இசைந்தால் அது நீளம். இரு முனைகளிலும் சமமாகச் சிறிது சிறிதாக நறுக்குதல் வேண்டும்.

இனிக் கூறப்போவது இப்பேச்சின் மிக இன்றியமையாத பகுதி. வான்கம்பியை மின்சாரக் கம்பிக்கு மேலாகவோ கீழாகவோ ஒருபோதும் கொண்டுசெல்லலாகாது. காற்றில் அறுந்து வீழ்ந்தாலும், கட்டும்போது கை தவறினாலும், மின்சாரக் கம்பியைத் தொடாத தொலைவில் அது இருத்தல் வேண்டும். கம்பியின் முனைகள் ஆள் எட்டாத உயரத்தில், மூன்று மீற்றருக்குக் குறையாது நிற்றல் வேண்டும். நூறு வாற்று ஆற்றலோடு பேசும்போது முனைகளில் ஆயிரம் வோல்ற்றுக்கு மேல் எழக்கூடும். விளையாடும் பிள்ளைகளின் கை அங்கே படலாகாது.

மின்னல் குறித்தும் எச்சரிக்கை தேவை. இலங்கையில் இடிமின்னல் மிகுந்த காலம் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களும், அக்டோபர், நவம்பர் மாதங்களும் ஆகும். இடி கேட்குமுன்னரே ஊட்டுக் கம்பியைக் கருவியிலிருந்து கழற்றி, வீட்டுக்கு வெளியே நிலத்தில் அடித்த தாமிரக் கோலோடு இணைத்துவிடுதல் வேண்டும். நேரே விழும் மின்னலை எந்த ஏற்பாடும் தாங்காது. அயலில் விழும் மின்னலின் தாக்கத்தையே இது தணிக்கும்.

இவ்விடத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. ஊவாவில் மலை சரியும் காலமும், மின்னல் மிகும் காலமும் ஏறக்குறைய ஒன்றே. கம்பி மிகவும் தேவைப்படும் அக்டோபர், நவம்பர் மாலைகளிலேதான் அதனைக் கழற்றி வைக்க வேண்டியும் வருகின்றது. தொலைவிலுள்ள இடிகளின் சடசடப்புத் தாழ்வரிசைகளிற் செவியை நிறைப்பதும் அப்போதே. அனுபவமுள்ளவர் இதற்கேற்பத் தம் நேரத்தை வகுத்துக்கொள்வர். இடி பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் வருவது. காலை வேளை அமைதியானது. பகலில் 40 மீற்றர் வரிசை தீவுக்குள் நன்கு உழைக்கும். பகலில் 80 மீற்றர் அலைகளை வானத்தின் கீழ்ப் படலம் விழுங்கிவிடுவதால் அவை தளர்ந்திருக்கும். இரவு முற்றியபின் மேற்படலம் தளர்ந்து, 40 மீற்றர் அலைகளை அருகிலே திருப்பி அனுப்ப மாட்டாதாகும். அவ்வேளையில் 80 மீற்றர் கைகொடுக்கும். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரு கம்பிகள் கட்டச் சொன்னது இதனாலேயே.

இரைச்சலைப் பற்றி மற்றொரு செய்தி. இக்காலத்து மின்விளக்குகளும், தொலைபேசியை மின்னேற்றும் சிறு பெட்டிகளும், சூரிய மின்சாரக் கருவிகளும் தாழ்வரிசைகளில் ஓயாது இரைச்சல் எழுப்புவன. ஊர் முழுதும் மின்சாரம் அற்றுப் போன இரவில் இவையாவும் ஒருங்கே ஓய்கின்றன. மற்றெல்லாத் தொடர்பும் இழந்த அந்த நேரத்தில், நாளெல்லாம் கேளாத மெல்லிய குரலும் தெளிவாகக் கேட்கும். அப்போது வேண்டுவது மின்கலம் ஒன்றே. நூறு வாற்றுக் கருவி பேசும்போது 12 வோல்ற்று மின்கலத்திலிருந்து இருபது அம்பியர் அளவு இழுக்கும். கேட்கும்போது ஓர் அம்பியர் அளவே. சிக்கனமாகப் பேசி மிகுதியாகக் கேட்பவருக்கு மோட்டார் வாகன மின்கலம் ஒன்று பல மணி நேரம் உதவும். குறியீட்டு முறையில் ஐந்து வாற்று ஆற்றலே தீவு முழுதும் எட்டப் போதுமானதாயிருப்பதுண்டு.

தாழ்வரிசைக் கம்பியால் உலகத்தை எட்டலாகாதா என்று கேட்போர் இருக்கலாம். எட்டலாம். அதற்கு நெட்டுக்குத்தாக நிற்கும் கம்பியும், அதன் அடியில் நிலத்தில் விரித்த பல கம்பிகளும் வேண்டும். 1921 ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்க அமெச்சூர்களின் குரல் அத்திலாந்திக்கைத் தாண்டுமா என்று அறிய, போல் கொட்லி என்பவர் ஸ்கொத்லாந்தின் ஆட்ரோசன் கடற்கரைக்குச் சென்றார். அங்கே குளிர்ந்த மழையில், ஒரு கூடாரத்தில் அமர்ந்து அவர் அக்குறிகளைக் கேட்டார். அவர் பயன்படுத்தியது உயர்ந்த கோபுரமன்று. தாழ்ந்த கம்பங்களில் நெடுந்தூரம் இழுத்துக் கட்டிய ஒற்றைக் கம்பியே. பயனற்றவை என்று பெரிய நிலையங்கள் ஒதுக்கிய அலைகளையே அமெச்சூர்களுக்குக் கொடுத்திருந்தனர். அவ்வலைகளே கடல் கடந்தன. அதற்கு நான்காண்டுகளின் பின், 1925 டிசம்பர் 16 ஆம் நாள் கொழும்பில் வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது.

கேட்பதற்குக் கட்டும் கம்பியால் பேசத் தொடங்குமுன் சட்டத்தின் அனுமதி வேண்டும். இலங்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு நடத்தும் தேர்விற் சித்தியடைந்தவருக்கே அமெச்சூர் அனுமதிப் பத்திரமும் அழைப்புக் குறியும் வழங்கப்படும். தேர்வுக்குக் கற்க வேண்டியவை, உயர்தர வகுப்பில் பௌதிகம் பயிலும் மாணவனுக்கு அச்சமூட்டுவன அல்ல. தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் இதனைக் கற்றுக்கொண்டால், அவரிடமிருந்து பத்து மாணவர் கற்பர். அலை, மின்னோட்டம், கோணம், வகுத்தல் ஆகியவை புத்தகத்திலிருந்து இறங்கிப் பாடசாலை முற்றத்துக் கம்பியில் உயிர்பெறுவதைக் காணும் மாணவன் அவற்றை எளிதில் மறக்கமாட்டான்.

மீரியபெத்தையில் சரிந்த மலையை எந்த வான்கம்பியும் தடுத்து நிறுத்தியிராது. மக்களைப் பாதுகாப்பான இடத்திற் குடியேற்றுவது கம்பியின் வேலையன்று. அது ஆள்வோரின் கடமை. ஆயினும் மலை வெடிப்புக் காட்டிய மாலையிலும், பாலம் அடித்துச் செல்லப்பட்ட இரவிலும், இன்ன தோட்டத்தில் இத்தனை பேர் சிக்கியுள்ளனர், இன்ன மருந்து வேண்டும், இன்ன பாதை திறந்திருக்கிறது என்று சொல்ல ஒருவரும், கேட்க ஒருவரும் இருப்பின், காப்பாற்றக்கூடிய உயிர்கள் உண்டு.

அக்கம்பியை மழை தொடங்கிய பின் கட்ட இயலாது. தை, மாசியில் மழை ஓய்ந்ததும் கட்டிவிட வேண்டும். ஒவ்வொரு பருவத்துக்கும் முன் கயிற்றையும், இணைப்பின் ஈரத்தையும், மின்கலத்தின் ஏற்றத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கிழமைக்கு ஒரு நாளேனும் கொழும்பையோ யாழ்ப்பாணத்தையோ அழைத்து, கேட்கின்றதா என்று வினவிப் பழக வேண்டும். அவ்வாறு பழகிய ஒருவர் அப்புத்தளையில் ஒரு வீட்டிலும், ஹல்துமுல்லையில் ஒரு வீட்டிலும், பசறையில் ஒரு வீட்டிலும் இருந்துவிட்டால், அடுத்த மழைக்காலத்தில் ஊவா மலைகள் ஒன்றையொன்று மறைத்து நிற்கலாம். அங்கு வாழ்வோர் ஒருவரையொருவர் கேளாதிருக்க மாட்டார்.